மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

“அத்தை, தோசை கருகுது...” என்று மருமகள் ஜெயபாய் சொல்லியும் சுந்தரபாய் திரும்பவில்லை. தோசைக் கரண்டி கையிலிருக்க, மகன் ஜஸ்டஸ் படித்துக்கொண்டிருந்த கடிதத்தையே பார்த்தபடி நின்றாள்.

கலெக்டர் ஆபீஸ் கடிதம் அது. சங்கரன்கோவிலில் கணக்கு வாத்தியாராயிருந்த ஜஸ்டஸுக்கு ஜாம்பியாவில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு கிளம்ப இன்னும் இரண்டே மாதம். ஜெயபாயோ சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்து, போர்டிங்கில் படித்து, டீச்சராகி, மூன்று பிள்ளைகளும் பெற்றாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அவள் இந்தியப் பிரஜையே இல்லையாம்! பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டபோதுதான் இந்தச் சங்கதியே வெளியே வந்தது. முதலில் பிரஜையாகப் பதிய வேண்டும், அப்புறந்தான் மற்றதெல்லாம்.

“பிறப்புப் பத்திரம் கேக்காவ. சின்ன வயசுல உன்னைக் கூட்டிட்டு வந்தவங்க தாலுகா ஆபீஸுக்கு நேர்ல வந்து சாட்சி சொல்லணுமாம். உங்க அப்பாவும் அம்மாவும் எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க. வேற யாரு இருக்கா ஜெயா?” என்றான் ஜஸ்டஸ்.

“விசாரிச்சுப் பாக்கேன்...” என்றாள் ஜெயபாய்.

அவன் பள்ளிக்கூடம் போனதுதான் தாமதம், சுந்தரபாய் மருமகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். “ஏட்டி, வாயத் தொறந்துராத! பதினாலு வருசமா மூடி வச்சதாக்கும். தெரிஞ்சா எம்மவன் எம் மூஞ்சில முழிப்பானா? உன்னத்தான் கூட்டிட்டுப் போவானா?”

மூடி வைத்தது வேறொன்றுமில்லை, ஜெயபாயைப் பெற்ற தாயைத்தான். மார்த்தாள் சாகவில்லை. ராயகிரியில் களையெடுத்து, கீரை விற்று, உயிரோடுதான் இருந்தாள். கல்யாணம் பேசும்போது, “தோட்டத்துக் கூலிக்காரியச் சம்பந்தின்னு சபையில எப்படிச் சொல்லுவேன்?” என்று சுந்தரபாய் மூக்கைச் சிந்தினாள். “என்னையும் செத்தவன்னே எழுதிக்கிடுங்கம்மா, எம்புள்ள வாழ்ந்தாப் போதும்” என்று சொன்னவள் மார்த்தாள்தான். இருபத்தொரு வயது ஜெயபாய் பக்கத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை!

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசிப்பது சபை வழக்கம். “காலஞ்சென்ற யாக்கோபு, காலஞ்சென்ற மார்த்தாள் இவர்களின் குமாரத்தி ஜெயபாய்...” என்று சபைப் போதகரான ஐயர் வாசித்து, “ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்” என்பார். கடைசிப் பாயில் முக்காடு போட்டு உட்கார்ந்து, தன் சாவைத் தானே மூன்று வாரமும் கேட்டுவிட்டு எழுந்து போனாள் மார்த்தாள். அப்புறம் மாதம் ஒருதரம் கீரைக் கட்டோடு பின்வாசலுக்கு வருவாள். பேரப்பிள்ளைகளைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டே, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அந்த வீட்டில் அவள் கீரைக்காரம்மா. பெயர் என்னவென்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மறுநாளே ஜெயபாய் ராயகிரிக்குப் பஸ் ஏறினாள். விஷயத்தைச் சொன்னதும் மார்த்தாள் தகரப்பெட்டியைத் திறந்து, பைபிளுக்குள் வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“அழாத மக்கா. ஒரே தோட்டத்துல இருந்தவன்னு சொல்லி ரேகை வச்சிருதேன். கூட்டிட்டு வந்தது நாந்தான? அது பொய்யில்லையே.”

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது ஜெயபாய்க்கு. அப்படி வந்ததே என்று அடுத்த நொடி உடம்பெல்லாம் கூசிற்று. சீ, நானும் ஒரு பிள்ளையா!

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸில் மார்த்தாளைப் பார்த்ததும் ஜஸ்டஸுக்கு ஒரே ஆச்சரியம். “அட, நம்ம கீரைக்காரம்மாவா! இத்தன நாளா தெரியாமப் போச்சே!” என்றான்.

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். “இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?”

மார்த்தாள் முந்திக்கொண்டாள். “ஒரே தோட்டம் சார். டீச்சரம்மா சின்னப்புள்ளையா இருக்கையில நாந்தான் கப்பல்ல கூட்டியாந்தேன்.”

“இவங்க அம்மா?”

“அவ... செத்துப் போயிட்டா சார்.”

அந்த வாயாலேயே அதைக் கேட்டதும் ஜெயபாய் மேஜையருகே பாய்ந்தாள். கணவன் போனாலும் போகட்டும், ஜாம்பியா போனாலும் போகட்டும்!

“பொய் சார்! இவதான் எங்கம்மா! என்னப் பெத்த அம்மா! அவ சாகல சார்... நாந்தான் உசுரோட கொன்னுபோட்டேன்...” என்று ஓவென்று அழுதாள்.

ஹாலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜஸ்டஸின் முகம் வெளுத்துப்போயிற்று.

“பின்வாசல்ல உக்காத்தி வச்சுச் சோறு போட்டோமே ஜெயா... கிறிஸ்துமஸுக்கு எங்கம்மாவோட பழைய சேலையக் குடுத்து அனுப்பினேனே... இது எங்கம்மாவுக்கும் தெரியுமா?”

“வாயத் தொறக்காம நின்னது நான். அத்தைய ஒண்ணும் கேக்காதீங்க. என்னை விட்டுட்டுப் போறதுன்னாலும் போங்க...”

அவன் குனிந்த தலையோடு போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்தான். “உக்காருங்க... அத்தை” என்றான். பதினாலு வருஷத்தில் முதல் தடவை!

மார்த்தாள் நாற்காலி நுனியில் ஒண்டி உட்கார்ந்து, “ஏன் மக்கா இப்படிச் செஞ்ச?” என்று மகளின் கண்ணைத் துடைத்தாள். குமாஸ்தா எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மார்த்தாள் பெருவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்தாள்.

“என்ன எழுதியிருக்கீய? வாசிங்க சார்.”

“தாய் மார்த்தாள், உயிருடன் இருக்கிறார்.”

“இன்னொருக்கா...”

குமாஸ்தா முகத்தைச் சுளித்தபடி மறுபடியும் வாசித்தார்.

“இன்னும் ஒரே ஒருக்கா சார். கோயில்ல செத்தவன்னு மூணு தரம் வாசிச்சாவ.”

குமாஸ்தா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, ஹால் முழுக்கக் கேட்கும்படி மூன்றாம் தரமும் வாசித்தார். ஜெயபாய் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தபடி அதைக் கேட்டாள்.