குறையாத மாத்திரை

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த அம்மாள் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல யாரோ என் மருந்தைக் காலி பண்றாங்க. என் வீட்டுக்காரர்தான்னு நினைக்கிறேன். நிரூபிச்சுக் குடுத்துட்டீங்கன்னா நான் என் வழியைப் பார்த்துக்கிட்டுப் போயிடுவேன்."

அக்கா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்தே தலை நரைத்தவள் அவள். தெரிந்தவர்கள் அவளை 'நிதானம்' என்பார்கள். நிருபர் வேலையை உதறிவிட்டு அவளுடைய துப்பறியும் தொழிலில் ஒட்டிக்கொண்ட தம்பிக்கு 'அவசரம்' என்ற பெயர் தானாகவே வந்து சேர்ந்தது.

"என்ன மருந்து?"

கண்ணாடிக் கடைக்காரர் தம்பியைப் பார்த்துத் தயங்கினார். தம்பி உடனே ஜன்னல் கம்பியை ஆராயத் தொடங்கினான்.

"அவன் இருக்கட்டும். அவனும் பொம்பளை வயித்துல பொறந்தவன்தானே?" என்றாள் அக்கா.

"மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு. உடம்பு திடீர் திடீர்னு கொதிக்கும். தூக்கம் கிடையாது. லேசா இடறி விழுந்ததுக்கே மணிக்கட்டு முறிஞ்சுது. எலும்பும் தேய ஆரம்பிச்சிருச்சுன்னு டாக்டர் ஹார்மோன் சிகிச்சை குடுத்தாங்க. காலையில கையில தடவுற ஜெல் ஒண்ணு, ராத்திரி முழுங்குற மாத்திரை ஒண்ணு. மாசம் பூரா வரவேண்டிய ஜெல் பாதியிலேயே தீர்ந்துபோகுது."

"மாத்திரை?"

"ஒண்ணுகூடக் குறையல. ரெண்டும் ஒரே இழுப்பறையிலதான் இருக்கு."

அக்காவின் விரல் மேசையில் தட்டுவதை நிறுத்தியது. "வீட்டுல யாரெல்லாம்?"

"நான், அவர், அவரோட அக்கா. அவர் பாலம் கட்டுற என்ஜினியர். ஹார்மோன்னாலே புத்துநோய்தான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். அண்ணி கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர். 'இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்கொரு வைத்தியமா'ன்னு விருந்தாளிங்க முன்னாடியே சிரிச்சாங்க."

"ஜெல் விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?"

"மாத்திரை ரெண்டு பேருக்கும் தெரியும். போட்டதும் கண்ணைச் சொருகும், அதனால படுக்கப் போறப்போ அவங்க எதிர்லயே போட்டுக்குவேன். ஜெல் பத்தி மூச்சு விடல. மாத்திரைக்கே இந்தப் பாடு!"

மறுநாள் மாலை மூவரையும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சந்தித்தார்கள். கதவைத் திறந்த கணவர் இவர்களைப் பார்த்த பார்வையிலேயே வெப்பம் இருந்தது. 'குற்றமுள்ள நெஞ்சு' என்று தம்பி மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

"இவங்க மாத்திரை குறைஞ்சுக்கிட்டே வருதாம்," என்று அக்கா ஆரம்பித்தாள். கண்ணாடிக் கடைக்காரர் திருத்த வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

கணவர் எழுந்தே விட்டார். "குப்பையில போடுன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன்! இவ நல்லா இருக்கணும்னுதானே சொன்னேன்? அதுக்குத் திருட்டுப் பட்டமா?" நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தம்பி அக்காவின் காலை மெல்ல இடித்தான்.

நாத்தனார் அசையவில்லை. அடர்ந்த கருநீலப் புடவை கட்டியிருந்தார். நாற்காலியில் கறுப்புத் துணியொன்றை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சுவரில் அவர் விழா மேடைகளில் நிற்கும் படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் வெள்ளை, சந்தனம், இளமஞ்சள்.

"யாரும் எடுக்கல," என்றார் அவர். "இவளுக்கு எல்லாத்துலயும் அவசரம். காயறதுக்குள்ள ரவிக்கையை மாட்டிக்கிட்டுக் கடைக்கு ஓடினா மருந்து உடம்புல எங்க ஒட்டும்? பலன் தெரியலன்னா அடுத்தவங்க மேல பழி."

அக்கா தலையாட்டினாள். கொல்லைப் பக்கம் பார்க்க வேண்டுமென்று தம்பியை அழைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"புருஷன்தான்க்கா! வேர்த்துக் கொட்டுது, பார்த்தியா?"

"கோவத்துல வேர்க்குது. மாத்திரையை வெறுக்கிற மனுஷன், கண்ணுக்கு முன்னாடி இருக்கிற மாத்திரையை விட்டுட்டு, இருக்கிறதே தெரியாத ஜெல்லைத் தேடிப்பிடிச்சுக் கொட்டுவாரா? நான் மாத்திரைன்னேன். அவரும் மாத்திரைன்னே பேசினார். இன்னொருத்தங்க என்ன சொன்னாங்க?"

தம்பி யோசித்தான். "காயறதுக்குள்ள..." என்று இழுத்தவன் வாயைப் பிளந்தான். "முழுங்குற மாத்திரை எங்க காயும்?"

"அங்க பாரு." கொடியில் நாத்தனாரின் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. கறுப்பு, கருநீலம், கரும்பழுப்பு. வெளிர்நிறம் மருந்துக்குக்கூட இல்லை. "வாழ்நாள் பூரா வெள்ளை கட்டினவங்க ஏன் மாறினாங்க? அவசரம்னு உனக்குத்தான் பேரு. ஆனா இப்ப அவசரம் எனக்குடா."

கணவரை டாக்சி பிடித்துவர அனுப்பிவிட்டு, அக்கா நாத்தனாரின் அறைக்குள் போனாள். கண்ணாடிக் கடைக்காரர் பின்னால் வந்தார். தம்பி வாசலோடு நின்றான்.

"எத்தனை நாளா ரத்தம் படுது?" என்றாள் அக்கா.

தம்பி திரும்பிப் போகக் காலெடுத்தான்.

"அவர் இருக்கட்டும்," என்றார் நாத்தனார். "எத்தனை பேரோட அந்தரங்கத்தைக் கோர்ட்டுல நான் சத்தமா மொழிபெயர்த்திருக்கேன்! என் விஷயத்துக்குத்தான் வாய் வரல." கைகளைப் பிசைந்தார். "சாட்சி பேசிக்கிட்டிருக்கான், எனக்கு வார்த்தை மறந்துபோச்சு. சாதாரண வார்த்தை. நீதிபதி காத்திருக்கார், எனக்கு உடம்பெல்லாம் தீ. வேலை போயிடும்னு பயந்தேன். அப்பதான் ஒருநாள் இவ தடவிட்டுக் கையை ஆத்திக்கிட்டு நிக்கிறதைக் கதவிடுக்குல பார்த்தேன். எடுத்துத் தடவினேன். ராத்திரி தூங்கினேன். வார்த்தையெல்லாம் திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு."

"மாத்திரையை ஏன் எடுக்கல?"

"போட்டதும் இவளுக்குக் கண்ணு சொருகுதே, அது வெறும் தூக்கத்துக்குன்னு நினைச்சேன். எனக்கெதுக்கு அது?"

அக்கா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அங்கதான் தப்பு. ஜெல் மட்டும் போனா கருப்பையோட உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. கருப்பை இருக்கிறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்ததுதான் வைத்தியம். நீங்க பாதி வைத்தியத்தை எடுத்தீங்க. ஜெல் குறையுது, மாத்திரை குறையலன்னு கேட்டதுலேருந்தே எனக்குத் திருட்டுப் பத்திக் கவலையில்ல, திருடினவங்களைப் பத்தித்தான் கவலை."

"புத்துநோயா?"

"எனக்குத் தெரியாது. பல பேருக்கு அப்படி இருக்காது. ஆனா நின்னுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். வெளிய வண்டி வந்துருக்கும்."

கண்ணாடிக் கடைக்காரரின் முகம் சிவந்திருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி! நான் அவரை என்னவெல்லாம் நினைச்சுட்டேன்! கட்டின புருஷனே என் மருந்தைக் கொட்டுறாருன்னு..."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? உன்னைப் பார்த்துச் சிரிச்ச வாய்தானே இது?"

கண்ணாடிக் கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு சால்வையை எடுத்து நாத்தனாரின் தோளில் போட்டார். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் போட்டார்.

சில வாரங்கள் கழித்துக் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் வந்தார். நாத்தனாரின் திசுவை எடுத்துச் சோதித்ததில் சவ்வு தடித்திருந்தது, புற்றுநோய் இல்லை. அதற்கு வைத்தியம் நடக்கிறது, திரும்பச் சோதிக்க வேண்டும். அதன்பிறகு எந்தச் சிகிச்சை சரிப்படும் என்று டாக்டர் சொல்வாராம். கணவரும் கூட வந்து, தன் சந்தேகங்களையெல்லாம் டாக்டரிடமே கேட்டுத் தீர்த்துக்கொண்டாராம்.

"டாக்டர் எப்படிக் கேட்டாங்க, உங்க அண்ணி எப்படிச் சொன்னாங்க?" தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு நானே வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. 'நீ சும்மா இரு. இதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்'னுட்டு, முதல்லேருந்து ஒண்ணுவிடாம அவங்களே சொன்னாங்க."