எந்தப் பக்கம் திருப்பினால் தட்டுகிறது

மத்தியான மழை வலுத்த நேரத்தில்தான் தங்கை காரைக் கொண்டுவந்து அண்ணனின் பட்டறை வாசலில் நிறுத்தினாள். இறங்கியதும் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ஸ்டீயரிங்கத் திருப்பினா டொக்கு டொக்குனு தட்டுதுண்ணே. அவர் வெளியூர் போயிருக்காரு. சாயங்காலம் வந்துடுவாரு, அதுக்குள்ள பாத்துக் குடுத்துடு.”

“மாப்பிள்ளையே கொண்டு வரலாமே?”

“உங்கண்ணன்கிட்ட மட்டும் கொண்டு போயிடாதேன்னு சொல்லியிருக்காரு.” சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மெக்கானிக்கின் மனதில் முள் ஒன்று தைத்தது. மச்சான் பட்டறை வைத்திருக்க, மாப்பிள்ளை எதற்கு ஊரைச் சுற்ற வேண்டும்? குனிந்து பார்த்தான். முன் பம்பர் புதிது. இடப்பக்க விளக்கும் புதிது.

“இதெல்லாம் எப்ப மாத்தினது?”

“போன மாசம். மாடு குறுக்க வந்துடுச்சாம். அதுக்கப்புறந்தான் இந்தச் சத்தம்.”

மேலே கேட்காமல் ஜாக்கியைப் போட்டுத் தூக்கினான். சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து ஆட்டியதில் லேசான ஆட்டம் தெரிந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை தேய்ந்திருந்தது. இவ்வளவுதானா, வீணாக ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். புதிது மாட்டி, நட்டை முறுக்கி, வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினான்.

டொக்.

சற்று நின்று, மறுபடி.

டொக். டொக்.

தங்கையை உள்ளே உட்காரவைத்துத் திருப்பச் சொல்லிவிட்டு, ஷாக் அப்சார்பரின் தலையில் உள்ளங்கையை வைத்தான். சத்தம் பிறக்கிற இடத்தில் அதிர்வும் இருந்தாக வேண்டும். சத்தம் கணீரென்று கேட்டது. கையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்பிரிங்கைத் தொட்டான், ஆக்ஸிலைத் தொட்டான். எங்கும் துளி அதிர்வு இல்லை. இரும்போடு இரும்பு மோதுகிற சத்தமாகவும் அது இல்லை.

விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று வண்டியை வெளியே எடுத்து, முன்பக்கம் நேரெதிர்த் திசையைப் பார்க்க நிறுத்தினான். இப்போது இடப்பக்கம் திருப்பினால் சத்தமே இல்லை. வலப்பக்கம் திருப்பினால் தட்டியது.

வண்டி எப்படி நின்றாலும் வடக்கே திருப்பினால் தட்டுகிறது. தெற்கே திருப்பினால் வாயை மூடிக்கொள்கிறது. எந்தப் பழுதுக்குத் திசை தெரியும்?

“நகந்து உக்காரு. ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம்.”

முதல் சந்திப்பில் வடக்கே லேசாக வளைத்தான். தட்டியது. தெற்கே வளைத்தான். அமைதி. அடுத்த முக்கிலும் சத்தம் வராத பக்கமாகவே போனான்.

“எங்கண்ணே போற?”

“நான் எங்க போறேன்? அது கூட்டிட்டுப் போகுது.”

வாய்க்கால் ரோடு வந்ததும் அவனுக்குத் துணிச்சல் விட்டுப்போனது. வீட்டுப் பக்கமாகவே ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

காலடித் தகடு முழுவதும் அதிர, கீழேயிருந்து யாரோ இரண்டு கைகளாலும் மாறி மாறி அறைந்தார்கள்.

தங்கை காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஆனாலும் உள்ளே சேற்று நாற்றம் மூச்சை அடைத்தது.

அவன் வண்டியை மறுபடி வாய்க்கால் பக்கம் திருப்பினான்.

சத்தம் அடங்கியது.

கைப்பிடிச் சுவர் உடைந்திருந்த வளைவு வந்ததும் நிறுத்தினான். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் இல்லை. இறங்கி எட்டிப் பார்த்தான். பாசிக்கு நடுவே, தண்ணீரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி.

பின்னாலேயே வந்து நின்ற தங்கை, “மாடுன்னுதானே சொன்னாரு...” என்று முணுமுணுத்தாள்.

அவள் போன் அடித்தது. மாப்பிள்ளைதான்.

“வீட்டுல வண்டியக் காணோம். எங்க இருக்க?”

“வாய்க்கால் வளைவுல. சுவர் இடிஞ்சிருக்கே, அங்க.”

அங்கே எதற்குப் போனாய் என்று அவர் கேட்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்துபோனது.

கல்யாணமானதிலிருந்து அவரை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேசாதவள், போனை அண்ணனிடம் நீட்டினாள்.

“போலீசக் கூப்பிடுண்ணே.”

ஸ்கூட்டரோடு, காணவில்லை என்று வீட்டார் தேடிக்கொண்டிருந்த தையல்கடைப் பெண்ணின் உடலும் கிடைத்தது. பஸ் நிலையத்தில் பிடிபட்ட மாப்பிள்ளை எல்லாவற்றையும் கக்கிவிட்டார். வண்டிக்கு அடியில் கிடந்தவள் தகட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாளாம். இவர் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பின்னால் எடுத்திருக்கிறார். தட்டல் நின்ற பிறகுதான் இறங்கிப் பார்த்து, அவளையும் ஸ்கூட்டரையும் வாய்க்காலில் தள்ளியிருக்கிறார்.

தங்கை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். கார் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நின்றது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அங்கிருந்த ஏட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

“பின் சீட்டு பெல்ட்ட நாங்க கழட்டிக் கழட்டி விடுறோம்பா. விடிஞ்சு பாத்தா மாட்டிக் கிடக்கு. லாக்குல ஏதாவது கோளாறான்னு வந்து பாரேன்.”

போய்ப் பார்த்தான். கதவுகள் பூட்டித்தான் இருந்தன. கண்ணாடியில் முகத்தைப் பதித்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு உள்ளே நோக்கினான்.

பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இழுபட்டு நிற்குமோ அவ்வளவு இழுபட்டு, வெறும் காற்றை வளைத்துக்கொண்டு நின்றது.

மூச்சு விடுகிற மார்பின்மேல் கிடப்பதுபோல் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.