கிளாத்தித் தீவின் வெள்ளைப் புதையல்

“தீவுல புகை!”

படகின் முன்முனையான அணியத்தில் நின்ற லெயோன் போட்ட சத்தத்தில் ரோந்துப் படகே நிமிர்ந்து உட்கார்ந்தது. கிளாத்தித் தீவு மனிதர் கால் வைக்கக் கூடாத இடம். சுற்றுலா வருகிறவர்கள் கண்ணாடிப் படகில் உட்கார்ந்து பவளப்பாறையைப் பார்க்கலாம், வாயைப் பிளக்கலாம், கரை திரும்பலாம். அவ்வளவுதான் அனுமதி. அங்கேயோ யாரோ அடுப்பே மூட்டியிருக்கிறார்கள்!

“விடு நேரா, பானு!” என்றார் வனவர் மங்கையர்க்கரசி.

பானு! அந்தப் பெயர்தான் லெயோனுக்கு நெஞ்செரிச்சல். இந்தப் படகில் வருடக்கணக்காகச் சுக்கான் பிடித்தவன் அவன். போன மாதம் வேலைக்கு வந்த சகர்பானுவிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, “உனக்குக் கண்ணு நல்லாருக்கு, நீ முன்னாடி நில்லு” என்று மேடம் அவனை அணியத்துக்கு அனுப்பிவிட்டார். கண்ணைப் புகழ்ந்து கையில் இருந்ததைப் பிடுங்கிய வியாபாரம்! அடுத்த வாரம் புதுப் படகு வேறு வருகிறது. அதன் சுக்கானாவது தனக்குக் கிடைக்காதா என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

தீவைச் சுற்றிப் பவளப்பாறை மதில் போல நிற்கும். உள்ளே போக ஒரே ஒரு வாய், பாறை இல்லாத இடைவெளி. பின்னால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் உள்ள நீர் தெரியாது. அணியத்தில் நிற்பவன்தான் நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும். நீலம் என்றால் ஆழம், பழுப்பு என்றால் பாறை.

“நிறம் சொல்லுண்ணே!”

“நீலம்... நீலம்... கொஞ்சம் வலது...”

படகு அவள் கைக்கு அப்படியே அடங்கித் திரும்பியது. தன்னிடம் அது ஒருநாளாவது இப்படி மரியாதையாக நடந்துகொண்டதா? லெயோனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. அப்போது எதிரே பழுப்பு தெரிந்தது. ஒரு சின்ன உரசல் விழுந்தால் போதும், சுக்கான் கைமாறிவிடும் என்று மனசு பேரம் பேசியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

படார்! உரசலுக்குப் பேரம் பேசியவனுக்கு உடைசலே கிடைத்தது. இன்ஜின் விசிறி முறிந்து படகு நின்றது.

“என்னாச்சு?” என்று பதறினார் மேடம்.

பானு லெயோனை ஒரு பார்வை பார்த்தாள். “கவனிக்காம விட்டுட்டேன் மேடம். என் தப்புதான்.”

அட, பெருந்தன்மை என்ற பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போகிறாளே! அவன் எரிச்சல் இரட்டிப்பானது.

மூவரும் இடுப்பளவு நீரில் குதித்தார்கள். “காலைத் தூக்காம மணல்ல தேச்சுக்கிட்டே வாங்க! திருக்கை மீன் கிடக்கும், மிதிச்சா கொட்டிடும்!” என்று பானு எச்சரித்தாள்.

கரையில் மூன்று இளைஞர்கள் முழங்கால் ஆழத்துக்கு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்டவன் கையில் ஒரு வரைபடம்.

“யாருலே நீங்க?” என்று அதட்டினான் லெயோன்.

“புதையல் சார்! அந்தக் காலத்துக் கப்பல்காரன் முத்துப் பெட்டியைப் புதைச்ச தீவு இது. பெட்டியை இழுத்துட்டுப் போன தடம்கூட இருக்கு, பாருங்க!” என்றான் தொப்பிக்காரன்.

நீர் விளிம்பிலிருந்து மணல்மேடு வரை அகலமான தடம் ஒன்று ஓடியது. லெயோன் தலையில் அடித்துக்கொண்டான். “ஏலே, அது முட்டையிட வந்த ஆமைலே! அந்தக் காலத்துத் தடம் இன்னுமா மணல்ல கிடக்கும்?”

“அப்போ இந்த முத்தெல்லாம்?” தொப்பிக்காரன் பையைத் திறந்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ஆமை முட்டைகள்!

“இம்புட்டுப் பெரிய முத்துன்னா சிப்பி என்ன பிரியாணி அண்டா சைசா இருக்கும்?” என்றாள் பானு.

“ஆமை முட்டையை எடுத்தா ஜெயில், தெரியுமா?” என்றார் மேடம்.

அவ்வளவுதான்! மூவரும் பையோடு ஓடித் தங்கள் வாடகைப் படகில் பாய்ந்தார்கள். பானு துரத்திப்போய் அதன் விளிம்பைப் பற்றித் தொற்றி ஏறினாள். படகு உறுமிக்கொண்டு கிளம்பியது, பாறை வாயை விட்டுவிட்டு நேராகப் பாறைக்கே! தொப்பிக்காரனைத் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள். இனி இன்ஜினை நிறுத்தினாலும் நீரின் இழுப்பு விடாது, பாறையில் கொண்டுபோய் அடிக்கும். முன்னாலோ அலறும் இரண்டு பேர் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“லெயோண்ணே! நிறம் சொல்லு!”

சற்று முன் காலை வாரியவனிடமே கேட்கிறாள்! மணல்மேட்டில் நின்ற லெயோனுக்குக் கடல் விரித்த துணி போலத் தெரிந்தது. மனசு தராசைத் தூக்குவதற்குள் தொண்டை முந்திக்கொண்டது.

“பழுப்பு! வலது! இன்னும் வலது! நீலம்... இப்ப இடது ஒடி!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் சொன்ன பக்கமெல்லாம் படகு திரும்பியது. பாறையை மயிரிழையில் தவிர்த்து, வாயைத் தாண்டி, வெளிக்கடலில் வட்டமடித்துத் தீவுக்கே திரும்பியது!

அதற்குப் பிறகு இளைஞர்கள் பூனைக்குட்டிகள். தீயை அணைத்தார்கள். முட்டைகளை மேடமும் பானுவும் ஒவ்வொன்றாக அதே குழியில் வைத்து மணல் மூடினார்கள். வாடகைப் படகு ரோந்துப் படகை இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தபோது கரையே திரண்டு கைதட்டியது. தொப்பிக்காரன் கூட்டம் வழக்குக்குப் போனது.

மேடம் லெயோனைத் தனியாக அழைத்தார். “புதுப் படகு பானுவுக்குன்னு நினைச்சிருந்தேன். காலையில மோதுனதைப் பார்த்தா யோசனையா இருக்கு. நீ எடுத்துக்கிறியா?”

ஏங்கிய சரக்கு வீடு தேடி வந்து நிற்கிறது! லெயோன் துறையில் கட்டியிருந்த உடைந்த படகைத் திரும்பிப் பார்த்தான்.

“மோதுனது அவ இல்ல மேடம். பாறை தெரிஞ்சும் நான்தான் சொல்லல.”

மேடம் அவனை முறைத்த முறைப்பில் கடலே வற்றியிருக்கும். “சுக்கான் பானுவுக்கு. உடைஞ்ச விசிறியை நீயே கழட்டி மாட்டு.”

விசிறியைக் கழற்ற உட்கார்ந்தவன் அருகே பானு ஸ்பேனரோடு வந்தாள்.

“நான் வேணும்னே சொல்லலைன்னு உனக்குத் தெரியுந்தானே? பிறகு எப்படி என் பேச்சை நம்புன?” என்று முனகினான்.

“அங்க உன்னை விட்டா வேற யாருண்ணே இருந்தா?”

புதுப் படகு வந்தது. முதல் திருப்பத்தை அவள் எடுத்த அழகைப் பார்த்து அவன் வயிறு எரியத்தான் செய்தது. எரிச்சலையும் வேலையையும் ஒரே கூடையில் போட்டால் சரக்கு மொத்தமும் கெட்டுவிடும் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அணியத்தில் இன்னும் நேராக நிமிர்ந்து நின்றான்.