ஒன்பது புள்ளி எட்டு

வகுப்பு தொடங்கும் முன் செண்பகவல்லி நாற்பது பொம்மாணவர்களுக்கும் மின்னேற்றி, சட்டைக் காலரைச் சரிசெய்து, கடைசி வரிசைக்காரர்களின் குறும்பை விதி அனுமதித்த அளவுக்குக் குறைத்து வைத்தாள். நிலவுக் குடியிருப்பில் ஆசிரியப் பயிற்சி பெறுபவர்கள் தினமும் காலையில் செய்யும் வேலைதான் இது. உயிருள்ள பிள்ளைகளைப் பயிற்சிக்காகப் பாழாக்கக் கூடாது என்று இந்த இயந்திரப் பிள்ளைகளைச் செய்திருந்தார்கள். பாடம் முடிந்ததும் மதிப்பெண் போடுவதும் அவைதான்.

இன்று அவளுக்குக் கடைசி வாய்ப்பு. உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தர வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. இதிலும் தவறினால் ஆயுளுக்கும் பனிச்சுரங்க வேலை.

முந்தைய இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒரு பந்து. அதை மேலிருந்து போட்டு, விழும் நேரத்தை அளந்து, ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான். இரண்டு முறையும் அவள் ஒழுங்காக அளந்து 1.6 என்று எழுதினாள். பாடநூலில் 9.8 என்று இருந்தது. பாடநூல் பூமியில் தயாராவது. சான்றிதழ் அங்கே செல்லுபடியாக வேண்டுமாம். நிலவில் பிறந்தவர்கள் பூமிக்குப் போனால் எலும்பே தாங்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காய்க்குத்தான் மதிப்பெண்.

பயிற்சி விரிவுரையாளர் ஞானதுரை கெட்டவர் அல்லர். வாசலில் அவளை நிறுத்திப் பேசினார்.

"விடையை முதல்ல எழுதிக்கோம்மா. அப்புறம் பின்னாலேர்ந்து கணக்குப் போட்டு நேரத்தை எழுதிடு. நான் பாஸ் பண்ணது அப்படித்தான். எங்க சாரும் அப்படித்தான்."

"பசங்க கண்ணால பாக்குறாங்களே, சார்."

"பாக்கட்டும். பாத்ததுக்கு யாரு மார்க் போடுறா?"

செண்பகவல்லி பந்தைப் போட்டாள். அது அவசரமில்லாமல் இறங்கியது. கடிகாரத்தைப் பார்க்காமலே பலகையில் ஒரு பொய் நேரத்தையும், அதன் கீழே 9.8 என்றும் எழுதினாள். பொம்மாணவர்களின் நெஞ்சில் பச்சை விளக்குகள் எரிந்தன.

இரண்டாம் வரிசையில் மட்டும் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், பந்து மெதுவாத்தானே விழுந்துச்சு?"

இப்படி ஒரு கேள்வி வர வேண்டும் என்றுதான் அவள் ஆசிரியையாக ஆசைப்பட்டதே. ஞானதுரையைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் மெல்ல நடந்துபோய் அந்தப் பொம்மாணவனின் பிடரியில் இருந்த விசையை அணைத்து, 'பழுது' என்ற சீட்டை ஒட்டினாள்.

தேர்ச்சி கிடைத்தது. வகுப்பை அடக்கிய விதத்துக்குத் தனிப் பாராட்டும் கிடைத்தது.

பள்ளியில் முதல் நாள். எதிரே உயிருள்ள பிள்ளைகள். இவர்களில் ஒருவர் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்திருந்தாள். பந்தை உயரத் தூக்கிக் கையை விட்டாள்.

நாற்பது பேனாக்களும் ஒரே நேரத்தில் 9.8 என்று எழுதி மூடிக்கொண்டன. இரண்டாம் வரிசையைப் பார்த்தாள். அங்கே எல்லோரும் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

பந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.