வேப்பிலை கட்டிய கதவு

மலேசியாவில் ஜெராம் ஊரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்கு நடுவே கிடக்கிறது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான அந்தப் பழைய லயம். பள்ளி விடுமுறைக்கு மகள் விஷாலினியோடு நாத்தனார் வேலம்மா வீட்டில் வந்து இறங்கியபோது நித்தியாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வரிசையில் மற்ற வீடெல்லாம் காலி. ஈரச் சுவர் வாடை மட்டும் அடித்தது.

மறுநாள் பிள்ளைக்கு அனலாய்க் காய்ச்சல். வாந்தி. ஜன்னலைத் திறந்தால் கண் கூசி அலறினாள். மத்தியானத்துக்குள் தொடையெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

"ஆத்தா வந்துட்டா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் வேலம்மா. வாசலில் வேப்பிலை ஏறியது.

"அண்ணி, இது அம்மை இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

"வாயக் கழுவு! தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பிள்ள வாசப்படி தாண்டக்கூடாது லா. முன்ன பக்கத்து வீட்டுல இருந்த துளசிக்கும் இப்படித்தான் பொத்திப் பொத்தி வச்சிருந்தோம்."

"அந்தப் பிள்ள இப்ப எங்க?"

"ஆத்தாவே எடுத்துக்கிட்டா."

தீர்த்தம் வாங்கக் கோயிலுக்குப் போன வேலம்மா, முன்கதவு, பின்கதவு இரண்டையும் வெளியே பூட்டிவிட்டுப் போனாள். எல்லாம் பாசந்தான். அந்தப் பாசத்தில் தீயை வைக்க!

நித்தியா பாலர் பள்ளி ஆசிரியை; முதலுதவிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்திப் பார்த்தாள். மறையவில்லை. பிள்ளையின் தலையைக் குனிய வைத்தாள். கழுத்து கட்டையாய் விறைத்து நின்றது. மூளைக் காய்ச்சல்! ஐயோ, தாமதித்தால் பிள்ளை போய்விடுமே! போனில் சார்ஜ் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். கேட்க யார் இருக்கிறார்கள்?

பலகைச் சுவரை யாரோ சுரண்டினார்கள்.

காலியாய்க் கிடந்த பக்கத்து வீட்டிலிருந்து.

"ஆண்ட்டி... எனக்கும் கழுத்து வலிக்குது."

சின்னப் பிள்ளையின் குரல்.

"என்னையும் வெளிய கூட்டிட்டுப் போங்க."

நித்தியா அம்மிக்குழவியைத் தூக்கிப் பின்கதவை இடித்தாள். இடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஆண்ட்டி..."

"என் பிள்ளையத் தவிர யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன், போ!"

சுரண்டல் நின்றது.

"சரிங்க ஆண்ட்டி."

பாயில் முனகிக்கொண்டிருந்த விஷாலினி சட்டென்று அடங்கினாள். தாழ்ப்பாள் தெறித்தது. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியை மறித்தாள் நித்தியா.

"நல்ல வேளையா கொண்டு வந்தீங்கம்மா, பொழச்சிக்குவா," என்றார் டாக்டர். நித்தியா ஓவென்று அழுதாள்.

காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை கண் திறந்தது. வார்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு நித்தியாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டது:

"எங்கம்மா எங்க, ஆண்ட்டி?"

காய்ச்சல் குழப்பம், தெளிந்துவிடும் என்றார் டாக்டர். அப்போது வார்டில் சார்ஜில் போட்டிருந்த போன் அடித்தது. வேலம்மா. மூச்சு வாங்கக் கிசுகிசுத்தாள்.

"நித்தியா, விஷா உன்கூடத்தான இருக்கா? பக்கத்து வீட்டுக்குள்ள அவ குரல் கேக்குதுடி. 'அம்மா, விட்டுட்டுப் போகாதீங்க'ன்னு அழுவுறா."