மாமனார் மறுத்த அப்பம்

"இன்னிக்கும் மாமா வாயத் தொறக்கலன்னா நான் சும்மா இருக்க மாட்டேன் லிடியா... சொல்லிட்டேன்!"

மாடிப்படியின் பாதியில் நின்றபடி பெனிட்டா சொன்னது, கீழே அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் கிளறிக்கொண்டிருந்த லிடியாவின் முதுகில் வந்து விழுந்தது. கரண்டி ஒரு கணம் நின்றது. கூழ் கட்டி தட்டிவிடுமே என்று மறுபடி சுழன்றது.

"காலங்காத்தால இன்னாக்கா இது... நான் இன்னா பண்ணேன்?"

"இன்னா பண்ணியா? மூணு மாசமா ஆயர் ஐயா அங்கியப் போட்டுக்கினு வராரு, அப்பத்தை நீட்டறாரு, மாமா பல்லக் கடிச்சிக்கினு மூஞ்சத் திருப்பிக்கிறாரு. சபைல எல்லாரும் கேக்கறாங்க... ட்ரில் மாஸ்டர் திருவிருந்தே வாணாம்னுட்டாராமே, ஆண்டவர விட்டுட்டாரான்னு! பெண்கள் சங்கத்து செகரெட்டரி நானு. எந்த மூஞ்ச வெச்சிக்கினு பதில் சொல்றது?"

மணிமங்கலம் சாலையில் கார் ஏற்றிப்போகும் நீளமான லாரிகள் திரும்பும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த வீடு. மாடியில் மூத்த மகன் ஜாக்சனும் பெனிட்டாவும். கீழே இளையவன் ஜெபர்சனும் லிடியாவும். முன்னறையில், கட்டிலோடு கட்டிலாக, மாமனார் செல்வநாதன். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் இல்லாமலே ஐந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் அவருடையது. இரண்டரை வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டதோடு, அந்தக் குரலையும் கொண்டுபோய்விட்டது.

அப்போது லிடியா ஒரகடத்தில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். பன்னிரண்டு பெண்கள் அவள் சொல்படி வேலை செய்தார்கள். ஒரே வாரத்தில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போவார்கள். அவரைத் தனியாக விட முடியாது என்று லிடியா வீட்டில் தங்குவாள். முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பெனிட்டாவுக்குப் பின்னால் ஜாக்சன் இறங்கி வந்தான்.

"நேராவே சொல்லிடறேன். இன்னிக்கும் அப்பா வாங்கலன்னா, சாயங்காலமே அவர மாடிக்குத் தூக்கிடுவேன். நர்ஸ் ஒருத்திய வெச்சிக்கிறோம். கோயில் பக்கமே போவாத கையால சாப்ட்டு சாப்ட்டுத்தான் அவரு மனசு கல்லாயிடுச்சி. டாக்டர் இன்னா சொன்னாரு? இன்னொரு தபா நெஞ்சுல சளி எறங்கிச்சின்னா தாங்க மாட்டாருன்னாரு. எங்கப்பா ஆண்டவர் இல்லாம சாவக் கூடாது!"

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த ஜெபர்சன், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க... நீங்களாவது எதுனா சொல்லுங்க..."

"நான் இன்னா சொல்ல? நீ வேணா ரெண்டு நாளைக்கு குன்றத்தூர்ல உங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வாயேன். எல்லாம் அடங்கட்டும்..."

லிடியா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

செல்வநாதனுக்கு ஊட்டுவது லேசான வேலை இல்லை. தொண்டைக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்குகிற நொடியில் ஒரு சின்ன மூடி வந்து மூச்சுக்குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். சோறு வழுக்கிப் பின்னால் இறங்கியதும் திறந்துகொள்ளும். நமக்கெல்லாம் இது தன்னால் நடக்கிறது. வாதம் வந்தவருக்கோ அந்த மூடி அரை நொடி தாமதமாக வரும். அந்த அரை நொடியில்தான் உயிர் இருக்கிறது. இதில் இன்னொரு விசித்திரம், கெட்டியான சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் மோசம். தண்ணீர் காத்திருக்காது, மூடி வருவதற்குள் ஓடி நுரையீரலில் இறங்கிவிடும். கூழ் மெதுவாக நகரும், மூடி வந்து சேர நேரம் கொடுக்கும்.

ஆகவே லிடியா அவரைத் தலையணை அண்டக்கொடுத்து நிமிர்த்துவாள். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்துவாள். அரைக் கரண்டி. குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். இறங்கினால்தான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம்.

"இன்னா மாஸ்டரே... இன்னிக்கும் அடம் புடிச்சீங்கன்னா எனக்கு டிஸ்மிஸ் ஆர்டராம். தெரியுமா?"

செல்வநாதன் அவளையே பார்த்தார். கூழ் முழுவதையும் சாப்பிட்டார். என் கையால் கூழ் இறங்குகிறது, ஆயர் கையால் அப்பம் இறங்கவில்லை, ஏன் என்று யோசித்தாள் லிடியா. லைனில் ஒரு ஒயர் வேலை செய்யவில்லை என்றால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பாள் அவள். இதையும் அப்படித்தான் மூன்று மாதமாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். தொண்டை சரியாக இருக்கிறது. புத்தி சரியாக இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்... அன்று அவள் வாயிலிருந்து வந்த சொல்.

முதல் வருஷம் கோடையில் ஒரு மதியம். மூன்றாவது முறையாகப் படுக்கை நனைந்து, மூன்றாவது துணியை உருவிய கையோடு அவள் வாய்விட்டுக் கத்தினாள். "ஆண்டவரே, ஒண்ணு இவர எடுத்துக்கோ, இல்ல என்ன எடுத்துக்கோ! இந்த மனுஷன் போய்ச் சேந்தா எல்லாருக்கும் விடுதலை!" திரும்பினால், வாசலில் பெனிட்டா. கட்டிலில் திறந்த கண்களோடு மாமனார்.

மறுநாள்தான் ஆயர் முதல் முறையாக வீட்டுக்கு வந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தைக் கொடுத்தார். லிடியா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதமும் கூப்பிடவில்லை. அக்கா சொல்லியிருப்பாள், ஆயருக்குத் தெரிந்துவிட்டது என்று லிடியா நினைத்துக்கொண்டாள். தகுதியில்லாமல் அந்தப் பாத்திரத்தைத் தொட்டால் ஆக்கினை, தண்டனை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். ஒருவர் சாவை வேண்டிய வாய்க்கு அப்பம் எதற்கு? கிருபை ஒருமுறை கை நழுவினால் நழுவினதுதான்... அதற்குப் பிறகு, ஆயர் வருகிற நாளெல்லாம் அவளாகவே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஆயர் அன்பு வந்தார். பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, தட்டையும் கிண்ணத்தையும் வைத்தார். ஜெபம் முடிந்தது. அப்பத்தில் ஒரு துண்டைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கரண்டியில் எடுத்தார்.

"மாஸ்டர்... வாங்கிக்குங்க."

உதடுகள் இறுகின.

"அப்பா! தொறங்கப்பா!" ஜாக்சனுக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாவின் தாடையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தான். "ஊத்துங்க ஐயா, நான் புடிச்சிக்கிறேன்!"

"வாணாம்! தலையப் பின்னால சாய்க்காதீங்க... மூச்சுக்கொழாக்குள்ள பூடும்!"

எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து ஜாக்சனின் கையைத் தட்டிவிட்டு, மாமனாரின் தலையை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆயர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் இவருக்கு ஊட்டறது யாரும்மா?"

"நான்தாங்க ஐயா..."

"அப்ப இதையும் நீயே குடு."

"நானா...? நான் தொடலாமா ஐயா?"

அந்தக் கேள்வி ஆயருக்குப் புரியவில்லை. கரண்டியை அவளிடம் நீட்டினார். வாங்கி மாமனாரின் உதட்டருகே கொண்டுபோனாள். செல்வநாதனின் இடது கை எழுந்தது. கரண்டியைத் தள்ளியது.

"பாருங்க ஐயா! இவ குடுத்தாலும் தள்றாரு!" என்று பெனிட்டா அழுதாள்.

மறுபடி கொண்டுபோனாள். மறுபடியும் தள்ளினார். மூன்றாம் முறை ஆயர் குனிந்து அந்தக் கையையே கவனித்தார். கை ஓரமாகத் தள்ளவில்லை, கீழேயும் தள்ளவில்லை. கரண்டியை நேராக லிடியாவின் வாய்க்குக் கொண்டுபோனது. உதட்டில் இடித்து நின்றது.

"அவரு தள்ளலம்மா..." என்றார் ஆயர். "உனக்கு ஊட்டறாரு. நீ வாங்காம அவரு வாங்க மாட்டாராம்."

லிடியா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். ஆயர் கேட்டார்.

"இத்தனை நாளா நீ திருவிருந்து வேணாம்னு சொல்றியே, ஏம்மா?"

"நானா சொன்னேன்? ஐயா... நீங்க என்னைக் கூப்புடவே இல்லியே!"

ஆயர் மெல்லத் திரும்பினார். "பெனிட்டாம்மா... ஒவ்வொரு தடவையும் நீங்கதான சொன்னீங்க, அவளுக்கு மனசு இல்லன்னு? மூணு மாசம் முன்னாடி, இதே கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'லிடியா விசுவாசத்த விட்டுட்டா, சபைப் பட்டியல்லேர்ந்து பேர எடுத்துடுங்க'ன்னு சொன்னீங்க. இவரு கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு. அன்னிக்குத்தான் முதல் தடவையா வாய மூடிக்கிட்டாரு!"

பெனிட்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜாக்சன் மனைவியைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"அக்கா மேல மட்டும் தப்பு இல்லீங்க ஐயா..." லிடியா உடைந்தாள். "நான்... இவரு செத்துடணும்னு சொன்னவ. இவரு காது கேக்கவே சொன்னேன். எனக்கு எதுக்குங்க அப்பம்? எனக்குத் தகுதி இல்ல. விட்டுடுங்க..."

எழுந்துபோகத் திரும்பினாள். முடியவில்லை. செல்வநாதனின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு பலம்! அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுவரை இறங்கியது.

"தகுதி பாத்துத்தான் குடுக்கணும்னா, இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வர எனக்கே தகுதி இல்லம்மா" என்றார் ஆயர். "இது கூலி இல்ல. பசிச்சவங்களுக்குப் போடற சாப்பாடு. கிருபையக் கை நழுவ விட்டுட்டேன்னு நீ நெனச்சிட்டிருக்க. இப்ப யாரு யாரப் புடிச்சிட்டிருக்காங்க, கொஞ்சம் பாரு. நீ சொன்னதக் கேட்டவரே விடலியே... ஆண்டவர் விட்டுடுவாரா?"

லிடியா கட்டிலருகே முழங்காலிட்டாள். ஆயர் கொடுத்த அப்பத்தை வாங்கிக்கொண்டாள். அழுகையோடு விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. விழுங்கி நிமிர்ந்தபோது, செல்வநாதன் வாயைத் திறந்து வைத்திருந்தார்.

சிரிப்பும் அழுகையுமாகக் கரண்டியை எடுத்தாள். எல்லாரும் அவர் கழுத்தையே பார்த்தார்கள். குரல்வளை ஏறியது... நின்றது... இறங்கியது.

ஜாக்சன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்க அழுதான்.

ஆயர் போன பிறகும் பெனிட்டா மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். லிடியா அவளிடம் போய் நின்றாள்.

"ஏன்க்கா?"

"நீ உள்ள வந்தீன்னா ஐயா கேப்பாரு, ஞாயித்துக்கெழம ஏன் வரலன்னு. என்னையும் முறை போட்டு மாமாவப் பாத்துக்கச் சொல்வாரு. எனக்கு அவருக்கு ஊட்டறதுன்னாலே பயம்டி... எங்கம்மா இப்டித்தான் கெடந்தாங்க. தண்ணி தண்ணின்னாங்க. ஒரு டம்ளர் குடுத்தேன். இருமி இருமி... என் மடியிலேயே... நான்தான்டி கொன்னுட்டேன்! யாராண்டயும் சொன்னதில்ல..."

லிடியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் மனதில் கட்டிவைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மெதுவாக, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இரண்டு குழாய்களையும், பிந்தி வரும் மூடியையும், காத்திருக்காத தண்ணீரையும் சொன்னாள்.

"உனக்கு அத யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. கேட்டாங்க, குடுத்த. கொன்னது நீ இல்ல."

பெனிட்டா அவள் முகத்தையே பார்த்தாள். "நெஜமாவா...? என்ன மன்னிச்சிடுடி லிடியா..."

"கோவம் இன்னும் கீதுக்கா எனக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஒரே நாள்ல போவாது." "இருந்துட்டுப் போவட்டும். நீ இங்க வா..."

பெனிட்டா அவள் தோளில் விழுந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், ஜெபர்சன் என்ன செய்வதென்று தெரியாமல் கூழ்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனான். கழுவிக்கொண்டே, "குன்றத்தூருக்கு நான் போறேன் லிடியா... உங்கம்மா என்ன அடிக்கட்டும்" என்றான். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க பெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள் முதல் கரண்டி கொடுத்தாள். குரல்வளை இறங்கும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிடியா நீலப் புடவை கட்டி, கையில் வேதாகமத்தோடு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். "அக்கா, தலகாணி ரெண்டு வெய்யி." மறுபடி போனாள். மறுபடி வந்தாள். "சாப்ட்டப்புறம் அர மணி நேரம் படுக்க வெச்சிடாத..."

"போடி! முத மணி அடிச்சிட்டாங்க!"

வெளியே ஜெபர்சன் பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் முறையாக அவள் நிலைப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, செல்வநாதன் கண்களை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரின் மூச்சு இப்படி இருக்காது. இரண்டரை வருஷமாக அந்த மூச்சைக் கேட்டவளுக்கு அது தெரியாதா என்ன?

தெரியாதவள்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.