நனையாதவர்கள்

எல்ஸ்பெத் ரன்சி, தான் பிறந்த மீனவ ஊரான ஸ்கெல்வியில் வந்து இறங்கியபோது மதியம்தான் ஆகியிருந்தது. ஆனால் கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஊரை முழுசாக விழுங்கியிருந்தது. தெருவின் இந்தப் பக்கம் நின்றால் எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. அலைச் சத்தம் மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

ரன்சி வீடு கரையோரத்தில் கடைசி வீடு. அதற்கப்புறம் மணல்தான்.

வாசலில் அவளுடைய அண்ணன் கில்பர்ட் சாவியோடு நின்றிருந்தான். ஆயுள் முழுக்கப் படகு ஓட்டி ஓய்ந்தவன். பூட்டைத் திறந்து, கதவை விரல் நுனியால் தள்ளிவிட்டு, பின்வாங்கி நின்றுகொண்டான்.

"உள்ள வாயேன், டீ போடறேன்" என்றாள் எல்ஸ்பெத்.

"வேண்டாம். வேலை கிடக்கு."

"அப்பா செத்ததுலேர்ந்து நீ இந்தப் படியை மிதிக்கலையாமே? ஐனா சொன்னா."

"ஐனா கடையில மீன் பொரியறதைவிட அவ வாய் பொரியறதுதான் ஜாஸ்தி" என்றான் கில்பர்ட். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் ஒரு நினைவுக்கல் திறக்கப் போகிறார்கள். கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். வீட்டுக்கு ஒருவர் எழுந்து தங்கள் முன்னோரைப் பற்றிப் பேச வேண்டும். ரன்சி வீட்டுப் பெயர் ஒன்றுகூட அந்தக் கல்லில் கிடையாது. அதுதான் அவர்களுக்குப் பெருமை. இத்தனை தலைமுறை கடலில் போய்வந்தும் கடலுக்கு ஒரு உயிரைக்கூடக் கொடுக்காத குடும்பம். அதைச் சொல்லத்தான் எல்ஸ்பெத் அபர்டீன் நகரத்திலிருந்து வந்திருந்தாள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்து, வம்சத்தை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

ஸ்கெல்வியில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர்தான். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டப்பெயர் உண்டு. இவர்களுடையது 'நனையாதவர்கள்'. சாராயத்தால் தொண்டை நனைக்காத பரம்பரை, அதனால் அந்தப் பெயர் என்று அப்பா சொல்வார்.

"பழசையெல்லாம் எதுக்குக் கிளர்றே, எல்சி?" என்றான் கில்பர்ட். "ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துடு."

அவன் பனிக்குள் நடந்து மறைந்தான். அவன் காலடிச் சத்தம்கூட உடனே அணைந்துபோனது.

எல்ஸ்பெத் சமையலறை அடுப்பில் கரி போட்டு மூட்டினாள். மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். கணக்கெடுப்புத் தாள்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கணக்கெடுப்பு நாளன்று இரவு எந்த வீட்டில் யார் யார் தூங்கினார்களோ, அவர்களை அந்த வீட்டில் எழுத வேண்டும். அதுதான் விதி.

1871. குடும்பத் தலைவர் ஜேம்ஸ் ரன்சி, மீனவர். மனைவி. மூன்று மகன்கள். கடைசியாக, ஜெஸ்ஸி. மகள், வயது ஆறு.

எல்ஸ்பெத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று மகன்களில் இளையவரான அலெக்சாண்டர் அவளுடைய கொள்ளுத்தாத்தா. அவருக்கு ஒரு தங்கை இருந்ததாக வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1881. ஜெஸ்ஸி, மகள், வயது பதினாறு.

1891. மூத்த மகன்கள் இருவரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். அலெக்சாண்டர் வீட்டில்தான் இருக்கிறார். ஜெஸ்ஸியும் இருக்கிறாள்.

மகள், வயது பதினாறு.

எழுதியவர் கவனக்குறைவாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள். 1901. இப்போது குடும்பத் தலைவர் அலெக்சாண்டர். மனைவி, குழந்தைகள். ஜெஸ்ஸி, சகோதரி, வயது பதினாறு. கையெழுத்து வேறு. 1911. அதுவும் வேறு கையெழுத்து. பதினாறு.

1921. தலைவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருடைய தங்கைக்குப் பதினாறு.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்து, கண்ணில் பட்டவர்களை எழுதியிருக்கிறார்.

வாசல் நடையில் ஏதோ சத்தம் கேட்டது.

குழாய் சொட்டுகிறதோ என்று நினைத்தாள். சொட்டும் சத்தம் இல்லை அது. முழங்காலளவு தண்ணீரில் ஒருவர் நடந்து வரும்போது, தொடைகள் தண்ணீரை விலக்குமே, அந்தச் சத்தம். நிதானமாக, பழகிய நடையாக வந்தது.

நடையின் தரை காய்ந்துதான் கிடந்தது.

ஈரக் கம்பளியும் தாரும் கலந்த வாடை அறைக்குள் வந்தது. அடுப்பின் தழல் தாழ்ந்தது. சத்தம் அவள் நாற்காலிவரை வந்து, அவளுக்கு எதிரே நின்றது.

பிறகு எதுவோ குனிந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முழங்காலில் ஈரச் சால்வையின் குஞ்சம் உரசியது. அதற்குப் பின்னால் ஒரு முதுகு. ஒல்லியான, எலும்பு துருத்திய, நடுங்கும் முதுகு. அது அவளுக்காகக் காத்திருந்தது.

"ஏறிக்கோங்க" என்றது ஒரு சின்னக் குரல். "கால் நனையாம."

எல்ஸ்பெத் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கோட்டுகூட எடுக்காமல் வெளியே ஓடினாள்.

ஐனா பிரெம்னரின் மீன் கடையில் விளக்கு எரிந்தது. எல்ஸ்பெத்தோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஐனா. உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை அணைத்தாள்.

"என்னடி மகராணி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"ஜெஸ்ஸி யாரு, ஐனா?"

ஐனா கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் துடைத்தாள்.

"நெஜமாவே உனக்குத் தெரியாதா? நான் இத்தனை நாளா உனக்குத் திமிருன்னு நெனச்சேன்."

"ஊருக்கே தெரியுமா?"

"உன்னைத் தவிர."

ஐனா சொன்னாள். அந்தக் காலத்தில் ஸ்கெல்விக்குத் துறைமுகம் கிடையாது. படகுகள் மணலோரம்தான் வரும். பூட்ஸ் நனைந்தால் ஆண்கள் நாளெல்லாம் கடலில் விறைத்துப் போவார்கள் என்று, வீட்டுப் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவர்களை முதுகில் சுமந்து படகில் ஏற்றுவார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே சுமந்து கரையில் இறக்குவார்கள்.

"உங்க ஜெஸ்ஸிக்கு அன்னிக்குக் காய்ச்சல். அவ அம்மாவும் படுக்கையில. அலை வேற மோசம். அப்பனைக் கொண்டுவந்து விட்டா. ரெண்டு அண்ணன்களைக் கொண்டுவந்து விட்டா. கடைசியா அலெக்சாண்டர். அவனை மணல்ல இறக்கினதும் அவ கால் மடங்கிடுச்சு. அலை இழுத்துக்கிட்டுப் போச்சு. தூரமில்லடி. இந்தா, இங்கேருந்து அந்தக் கதவு தூரம். கையை நீட்டினா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாலு ஆம்பளைங்க. நாலு ஜோடி காய்ஞ்ச பூட்ஸ். ஒருத்தனும் இறங்கல. வலை காயப் போட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பொணம்கூடக் கிடைக்கல. நகரத்துக்கு வேலைக்கு அனுப்பிட்டோம்னு உங்க வீட்டுல சொன்னாங்க. ஊரும் வாயை மூடிக்கிச்சு. பேரை மட்டும் வெச்சுது."

நனையாதவர்கள்.

எல்ஸ்பெத்தின் காது மடல்கள் எரிந்தன. பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் தலையை நிமிர்த்தி நடந்தது நினைவுக்கு வந்தது. தன் கல்யாண விருந்தில் அப்பா எழுந்து நின்று, "நாங்க நனையாதவங்க!" என்று ஆரஞ்சுச் சாற்றை உயர்த்தியதும், மண்டபம் முழுக்க ஒரு கணம் அமைதியானதும் நினைவுக்கு வந்தன. மரியாதை என்று அன்று நினைத்திருந்தாள்.

பேய்க்குப் பயந்து ஓடிவந்தவளுக்கு இப்போது பயம் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கில்பர்ட் தன் கொட்டகையில் கயிறு முடிந்துகொண்டிருந்தான். அவள் ஜெஸ்ஸி என்ற பெயரைச் சொன்னதும் கயிறு கையிலிருந்து நழுவியது.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"அப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு. மணலோரமா மட்டும் படகைக் கொண்டுவராதேன்னாரு."

"கொண்டுவந்தியா?"

அவன் குனிந்து கயிற்றை எடுத்தான். பனி கொட்டகைக்குள்ளும் வந்திருந்தது.

"ஒரு தடவை" என்றான் கடைசியில். "சின்னப் படகு, என்ஜின் நின்னுபோச்சு. இதே மாதிரி பனி. மணல்ல தட்டி நின்னுச்சு. அவ வந்தா, எல்சி. இடுப்பளவு தண்ணியில வந்து, திரும்பி, குனிஞ்சு நின்னா. சின்னப் பொண்ணு. தோள்பட்டை ரெண்டும் குருவி றெக்கை மாதிரி இருந்துச்சு."

"நீ என்ன பண்ணினே?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"ஏறிக்கிட்டேன்."

"கில்!"

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சு" என்றான் கில்பர்ட். அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "பேய்னு தெரியும். யாருன்னும் தெரியும். தெரிஞ்சும் ஏறிக்கிட்டேன். அவ மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டுச்சு. கரையில இறக்கி விட்டுட்டு, என் பூட்ஸைத் தொட்டுப் பாத்தா, காய்ஞ்சிருக்கான்னு. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள எந்த முகத்தோட போறது?"

எல்ஸ்பெத்தால் அவனைத் திட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் பனி விலகவில்லை. ஊர் முழுக்கத் துறைமுகத்தில் கூடியிருந்தது. போதகர் ஜெபித்தார். கல்லின் திரையை விலக்கினார்கள். ஒவ்வொரு குடும்பமாக எழுந்து பேசியது. ரன்சி பெயரைக் கூப்பிட்டபோது சிலர் தரையைப் பார்த்தார்கள்.

எல்ஸ்பெத் முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டுலேர்ந்து கடல் யாரையும் கொண்டுபோகலேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "அது பொய். ஜெஸ்ஸி ரன்சின்னு ஒரு பொண்ணு. கடல் அவளைக் கொண்டுபோகல. நாங்கதான் விட்டோம். அவ பேரையும் இந்தக் கல்லுல வெட்டணும். உங்ககிட்ட அதைக் கேக்கறதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு."

ஐனா மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

அப்போதுதான் கில்பர்ட் கூட்டத்திலிருந்து விலகி நடப்பதை அவள் பார்த்தாள். துறைமுகத்தை ஒட்டிய மணலில் இறங்கி, நேராகக் கடலுக்குள் போனான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, பளபளக்கும் கருப்பு ஷூ, எல்லாவற்றோடும். முழங்கால். தொடை. இடுப்பு.

"கில்!" என்று கத்திக்கொண்டு அவள் ஓடினாள். ஊரும் பின்னாலேயே ஓடிவந்தது.

கில்பர்ட் நின்றான். கரையைப் பார்த்துத் திரும்பினான். முதுகைக் கடலுக்குக் காட்டி, கைகளைப் பின்னால் நீட்டி, மெல்லக் குனிந்தான்.

"வா" என்றான். "ஏறிக்கோ, கண்ணு."

ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்தது.

திடீரென்று அவன் உடம்பு ஒரு அடி தாழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். பின்னால் கோத்த கைகளில் எதையோ தாங்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக, கரைக்கு வந்தான். ஈர மணலில் அவன் கால்கள் கணுக்கால்வரை புதைந்தன. அவனுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஊர் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. சில ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

காய்ந்த மணலுக்கு வந்ததும் நின்றான். மண்டியிட்டான். இறக்கிவிட வாகாகக் கைகளைத் தளர்த்தினான்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவன் நிமிரவில்லை.

"எல்சி" என்று கிசுகிசுத்தான். "அவ இறங்கல."

பெயரைக் கல்லில் வெட்டியாகிவிட்டது. இறுதிச் சடங்கு ஜெபமும் நடந்தது. கில்பர்ட் இப்போது கடைசி வீட்டில்தான் இருக்கிறான். முதுகு கூனிப்போய்விட்டது, எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். படுப்பதென்றால் குப்புறத்தான் படுக்கிறான்.

எல்ஸ்பெத் போன வாரம் பார்க்கப் போனாள். அவன் அடுப்புக்கு முதுகைக் காட்டி, குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ரொம்பக் கனமா இருக்கா, கில்?" என்று கேட்டாள்.

அவன் உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவாப் பேசு. இப்பத்தான் தூங்கினா."

அவன் கழுத்தோரம் நரைமுடி கொஞ்சம் விலகி, படிந்தது. மறுபடி விலகி, மறுபடி படிந்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.